நிலமும் மத்தியஸ்தமும்: ஒரு கெடுவின் சரித்திரம்

புதுக்கோட்டைச் சீமையின் வடமேற்குக் கோடியில், விராலிமலை வட்டத்தில், ஆவூர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், 1697ஆம் ஆண்டு வாக்கில், பிரெஞ்சு தேசத்திலிருந்து வந்த பூசே பாதிரியார் அங்கே ஒரு தேவாலயம் எழுப்பினார். அரை நூற்றாண்டு கழித்து, 1747இல், இப்போதுள்ள பெரிய கோயில் எழுந்தது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் சில காலம் அங்கே ஊழியம் செய்தார். ஈஸ்டர் பண்டிகையை ஒட்டி நடைபெறும் தேர்த்திருவிழாவில் எல்லாச் சாதியாரும் வடம் பிடிப்பது அவ்வூரின் விசேஷம். மற்றபடி, மானாவாரிப் புன்செய்களும், மழையை நம்பிய கண்மாய்களும், அவற்றின் பாசனத்தில் கொஞ்சம் நன்செய்யும் கொண்ட, புதுக்கோட்டைக்கே உரிய வறண்ட பூமிதான்.

அந்த ஊருக்கு மேற்கே விராலிமலை வழியாகத் திருச்சி-மதுரை நெடுஞ்சாலை செல்கிறது. கிழக்கே மாத்தூர், கீரனூர் வழியாகத் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் போகும் நெடுஞ்சாலை செல்கிறது. இரண்டு தேசிய நெடுஞ்சாலைகளுக்கு இடையே கிடக்கும் இந்தப் பிரதேசத்துக் குடியானவர்களுக்கு, மற்ற ஊரார் வாழ்நாளில் ஒரு முறையும் கேட்டிராத சில சொற்கள் பழக்கமாகிவிட்டன. 'மூன்று ஏ நோட்டீஸ்' என்கிறார்கள். 'மூன்று டி' என்கிறார்கள். 'ஆர்பிட்ரேஷன் போட்டிருக்கிறோம்' என்கிறார்கள். முதலிரண்டும் 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் பிரிவுகள்: நிலம் வேண்டும் என்று சர்க்கார் அறிவிப்பது ஒன்று, நிலம் சர்க்காரைச் சேர்ந்துவிட்டது என்று பிரகடனம் செய்வது மற்றொன்று. மூன்றாவது சொல்லாகிய மத்தியஸ்தத்தையும், மத்தியஸ்தர் அளித்த தீர்ப்பை ஆட்சேபித்து நீதிமன்றத்துக்குப் போக விரும்புகிறவனுக்குச் சட்டம் விதித்திருக்கும் கெடுவையும் பற்றியே இங்கே எழுத முற்படுகிறேன். அந்தக் கெடு மூன்று மாதம். தக்க காரணம் காட்டினால் மேலும் முப்பது நாள். அதற்குப் பிறகு, காரணம் எத்துணைப் பரிதாபகரமானதாயினும், வாசல் திறக்காது.

மத்தியஸ்தம் என்பது நமக்குப் புதிய விஷயமன்று. ஆவூர் இருக்கும் அதே புதுக்கோட்டைச் சீமையில், திருமயத்தில், ஒரே குன்றின் சரிவில் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன; அவ்விரு கோயில்களுக்கும் நிலத்தையும் வருவாயையும் பற்றி நெடுங்காலமாக இருந்துவந்த விவகாரத்தை, 1245ஆம் ஆண்டில், ஹொய்சள மன்னரின் தளபதியாகிய அப்பண்ண தண்டநாயகர் முன்னிலையில், நாட்டாரும் ஊராரும் சமயத் தலைவர்களும் கூடிப் பேசித் தீர்த்துவைத்த செய்தி அங்கே கல்வெட்டாகவே நிற்கிறது. தீர்ப்பைக் கல்லில் வெட்டினார்கள் என்பதைக் காட்டிலும், இரு தரப்பாரும் சபையில் இருந்தார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. மத்தியஸ்தன் என்றால் நடுவில் நிற்பவன்; இருவர் தாமாக விரும்பி 'நீர் சொல்வதற்குக் கட்டுப்படுகிறோம்' என்று ஒப்புக்கொண்ட பிறகே அவன் நடுவில் வந்து நிற்கிறான். அந்தச் சம்மதம் இல்லாத இடத்தில் அவனுக்கு வேறு பெயர் சூட்டுவதே பொருத்தம்.

ஆங்கிலேயர் இதை அறியாதவர்கள் அல்லர். மன்றோவின் யோசனைப்படி சென்னை ராஜதானியில் 1816ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒழுங்குமுறைகள், கிராம முன்சீபுகளும் ஜில்லா முன்சீபுகளும் பஞ்சாயத்துகளைக் கூட்டி வழக்குகளைத் தீர்க்க வழிசெய்தன. ஆனால் குடிகள் அந்தப் பஞ்சாயத்துகளை அவ்வளவாக நாடவில்லை. சர்க்கார் முத்திரை பதித்த பஞ்சாயத்து ஊர்ப் பஞ்சாயத்தாகவும் இல்லை, நீதிமன்றமாகவும் இல்லை என்பதை ஜனங்கள் சீக்கிரத்திலேயே கண்டுகொண்டார்கள் போலும்.

நிலம் எடுக்கும் விஷயத்தில் மத்தியஸ்தம் புகுந்த கதை சுவையானது. வங்காளத்தில் 1824ஆம் ஆண்டின் முதலாவது ஒழுங்குமுறை, சாலைக்கும் கால்வாய்க்கும் மற்றப் பொதுக் காரியங்களுக்கும் தனியார் நிலத்தை எடுத்துக்கொள்ள அதிகாரம் அளித்தது. விலையில் உடன்பாடு ஏற்படாவிட்டால் மத்தியஸ்தரிடம் விடும்படி விதித்தது. இருப்புப்பாதை வரவே, இந்த அதிகாரம் மற்ற மாகாணங்களுக்கும் தேவைப்பட்டது. சென்னைக்கு 1852ஆம் ஆண்டின் இருபதாவது சட்டம் வந்தது. 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் முதல் ரயில் ஓடியபோது, அதன் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த நிலத்தை ரயில்வே கம்பெனி விலை கொடுத்து வாங்கவில்லை. சர்க்கார் எடுத்து இனாமாகக் கொடுத்தது. எனவே, விலையைக் குறைத்துவைப்பதில் சர்க்காருக்கு ஒரு நேரடியான அக்கறை ஆரம்பத்திலிருந்தே இருந்தது.

அடுத்த ஆண்டு, சிப்பாய்க் கலகம் மூண்ட அதே 1857இல், பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்குமான முதல் நில எடுப்புச் சட்டம் பிறந்தது. கலெக்டர் நிலச் சொந்தக்காரனோடு பேசி விலையை நிச்சயிக்க வேண்டும். முடியாவிட்டால் மத்தியஸ்தர்களிடம் விட வேண்டும். அவர்கள் சொல்வதே முடிவு. லஞ்சம் அல்லது நடத்தைக் கேடு என்ற காரணம் தவிர வேறெதைக் கொண்டும் அத்தீர்ப்பை அசைக்க முடியாது. இவ்வளவு காலச் சட்ட அனுபவத்துக்குப் பிறகு ஒருவன் இதைப் படிக்கும்போது, காகிதத்தில் எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது என்று வியப்பான். நடைமுறையில் என்ன ஆயிற்றென்றால், மத்தியஸ்தர்கள் பலர் விலை மதிப்பிடும் சாமர்த்தியம் இல்லாதவர்களாகவும், சிலர் கை நீட்டுகிறவர்களாகவும் இருந்தார்கள். மேல்முறையீடு இல்லாமையால் அவர்கள் செய்த தவறு தவறாகவே நிலைத்தது. பதின்மூன்றே ஆண்டில் சர்க்கார் தன் சட்டத்தைத் தானே கைவிட்டது. 1870ஆம் ஆண்டின் பத்தாவது சட்டம் மத்தியஸ்தர்களை அப்புறப்படுத்தி, விலைத் தகராறுகளை சிவில் நீதிமன்றத்தில், நீதிபதியும் இரண்டு அசெஸர்களும் அமர்ந்து விசாரிக்கும்படி செய்தது. விருப்பமில்லாமல் நிலத்தை இழப்பவனுக்கு ஆறுதலாக நூற்றுக்குப் பதினைந்து சேர்த்துக் கொடுக்கவும் விதித்தது. 1894ஆம் ஆண்டின் முதலாவது சட்டம் அசெஸர்களையும் நீக்கி, கலெக்டரின் தீர்வில் அதிருப்தியுள்ளவன் வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பும்படி கேட்கலாம் என்ற முறையை ஏற்படுத்தியது. நூற்றிருபது ஆண்டு அந்தச் சட்டமே நம் தேசத்தின் நிலங்களை ஆண்டது.

ஆக, நிலத்தின் விலையை மத்தியஸ்தரிடம் விடுவது கூடாது என்பது, நம் தலைவர்களின் மேடைப் பேச்சன்று. பிரிட்டிஷ் சர்க்காரே தன் அனுபவத்தால் கண்டுகொண்ட உண்மை. இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும்.

யுத்தம் வந்தது. 1939ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தில் மத்தியஸ்தர் மறுபடியும் தலைகாட்டினார். ஆனால் இந்த முறை அவர் யாரோ ஒருவர் அல்லர். உயர் நீதிமன்ற நீதிபதியாகும் தகுதி படைத்தவரையே நியமிக்க வேண்டும் என்றும், அவர் தீர்ப்பின்மேல் உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் உண்டு என்றும் சட்டம் வகுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1952இல், அசையாச் சொத்துகளைக் கைக்கொள்ளும் சட்டமும் இதே வழியைப் பின்பற்றியது. அப்பீலுக்கு முப்பது நாள் கெடு வைத்தது. அதோடு நில்லாமல், தக்க காரணத்தால் தடைப்பட்டு வந்தவனின் அப்பீலை முப்பது நாளுக்குப் பிறகும் உயர் நீதிமன்றம் ஏற்கலாம் என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்தது. மத்தியஸ்தர் நீதிபதிக்கு நிகரானவர், அப்பீல் உண்டு, தாமதத்துக்கு மன்னிப்பும் உண்டு: நிலத்துக்கான மத்தியஸ்தம் நம் நாட்டில் ஓரளவு யோக்கியதையோடு நடமாடிய காலம் இதுவே என்பது என் அபிப்பிராயம்.

இனி 1997க்கு வருவோம். 1996 ஆகஸ்டில் புதிய மத்தியஸ்தச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் வர்த்தகச் சட்டக் குழு, தேசம் விட்டுத் தேசம் வியாபாரம் செய்கிறவர்களுக்காக 1985இல் தயாரித்த மாதிரிச் சட்டமே அதற்கு மூலம். கப்பல் சரக்கையும், இயந்திர ஒப்பந்தத்தையும் பற்றி லண்டன் கம்பெனியும் பம்பாய்க் கம்பெனியும் சச்சரவிட்டால், அது விரைவில் தீர வேண்டும், நீதிமன்றம் அதில் அதிகமாகத் தலையிடக் கூடாது என்பது அதன் நோக்கம். வியாபாரிகளுக்கு அது நியாயமான நோக்கமே. மூன்று மாதக் கெடு அந்த மாதிரிச் சட்டத்திலிருந்து வந்தது. முப்பது நாள் சலுகையையும், 'அதற்குப் பிறகு அல்ல' என்ற சிறு தொடரையும் நம் பாராளுமன்றம் தானாகச் சேர்த்தது. புதிய சட்டம் பிறந்து ஆறு மாதம் ஆவதற்குள், 1997 ஜனவரி 24 முதல், தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின்படி, விலையை முதலில் நிச்சயிப்பவர் அதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரி. தமிழ்நாட்டில் அவர் பெரும்பாலும் மாவட்ட வருவாய் அலுவலர். அதில் திருப்தியில்லாதவர் மத்திய சர்க்கார் நியமிக்கும் மத்தியஸ்தரிடம் போகலாம். அவர் பெரும்பாலும் மாவட்டக் கலெக்டர். அந்த மத்தியஸ்தத்துக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டமே பிரயோகம்.

இதன் விளைவை ஒரு வாசகர் நிதானமாகச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். நிலத்தை எடுப்பது சர்க்கார். விலை வைப்பது சர்க்கார் அதிகாரி. அந்த விலை சரியா என்று பார்க்கும் மத்தியஸ்தரை நியமிப்பதும் சர்க்கார். அவரும் அதே வருவாய்த் துறையின் மேலதிகாரி. குடியானவன் இந்த ஏற்பாட்டுக்கு எங்கும் கையெழுத்துப் போடவில்லை. இருந்தபோதிலும், தாமாக ஒப்பந்தம் செய்துகொண்ட வியாபாரிகளுக்கு உண்டான கட்டுத்திட்டங்கள் எல்லாம், சம்மதமே கேட்கப்படாத அவன் தலையில் அப்படியே இறங்கின. 1857இன் குற்றங்களில் ஒன்றாகிய அப்பீல் இல்லாமையும் திரும்பி வந்தது. ஏனென்றால், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்கீழ் ஜில்லா நீதிமன்றத்துக்குப் போவது அப்பீல் அன்று. தீர்ப்பை ரத்துச் செய்யக் கேட்கும் மனு மாத்திரமே. விலை குறைவு என்பது தனியே அதற்கு ஒரு காரணமாகாது.

கெடுவின் கண்டிப்பை உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது 2001 அக்டோபரில். மத்திய சர்க்காரும் ஒரு கட்டுமானக் கம்பெனியும் எதிரெதிரே நின்ற அந்த வழக்கில், தாமதத்தை மன்னிக்க நீதிமன்றங்களுக்குப் பொதுவாக அதிகாரம் தரும் காலவரையறைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு இங்கே செல்லாது, 'அதற்குப் பிறகு அல்ல' என்ற சொற்களே அதை விலக்கிவிட்டன என்று நீதிபதி ரூமா பால் தீர்ப்பெழுதினார். பழைய 1940ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டத்தின்கீழ் கெடு முப்பதே நாள். ஆயினும் தக்க காரணம் சொன்னவனுக்கு மன்னிப்பு இருந்தது. புதிய சட்டம் நாளைக் கூட்டியது, கருணையைக் கழித்தது.

அதன் பிறகு வந்த வழக்குகளைப் படிப்பது, பஞ்சாங்கத்தைப் படிப்பது போல இருக்கும். அஸ்ஸாமில் ஒரு தண்ணீர் வாரியத்துக்கு 2003 ஆகஸ்ட் 26இல் தீர்ப்பு கிடைத்தது. மூன்று மாதம் நவம்பர் 26இல் முடிந்தது. சலுகையாகிய முப்பது நாள் டிசம்பர் 26இல் முடிந்தது. அன்று நீதிமன்றம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்காக மூடியிருந்தது. விடுமுறை கழிந்து, 2004 ஜனவரி 2இல், நீதிமன்றம் திறந்த அன்றே மனுப் போட்டார்கள். விடுமுறை தினச் சலுகை மூன்று மாதத்துக்கு உண்டே தவிர, கூடுதல் முப்பது நாளுக்கு இல்லை என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹிமாசலப் பிரதேசத்து வழக்கொன்றில், மூன்று மாதம் என்பது தொண்ணூறு நாளா, நாட்காட்டி மாதமா என்ற வினா எழுந்தது. நாட்காட்டி மாதமே என்று 2010இல் விடை கிடைத்தது. அந்த இரண்டொரு நாள் வித்தியாசத்தில் ஒரு கட்சி பிழைத்தது. மத்திய சர்க்கார் நிர்வாகச் சிக்கல்களைக் காரணம் காட்டி, சலுகை நாளும் கழிந்தபின் தாமதித்து வந்த வழக்கில், அந்தச் சிக்கல்கள் காரணமாகா என்று 2018 டிசம்பரில் கதவு சாத்தப்பட்டது.

நில எடுப்பு வழக்குகளின் பழைய மரபோ முற்றிலும் வேறு. 1987இல் காஷ்மீரத்து அனந்தநாக் கலெக்டர், நில எடுப்பு நஷ்டஈட்டை எதிர்த்து நான்கு நாள் தாமதித்துப் போட்ட அப்பீலை உச்ச நீதிமன்றம் ஏற்றது. தாமதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் கணக்குக் கேட்பதில் பாண்டித்தியத்தைக் காட்டிலும் பொது அறிவு வேண்டும் என்ற கருத்தில், தாமத மன்னிப்பைத் தாராளமாகப் பார்க்கும்படி கீழ் நீதிமன்றங்களுக்கு உபதேசித்தது. இன்றைக்கும் தாமத மன்னிப்பு மனுப் போடும் எந்த வக்கீலும் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டாமல் விடமாட்டார். 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பல ஆண்டு பிந்தி வந்த விவசாயிகளின் அப்பீல்களையும், தாமதித்த காலத்துக்கு வட்டி கிடையாது என்ற ஒரே நிபந்தனையுடன் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஒரே ஊரில், ஒரே கண்மாயின் இரு கரைகளில் உள்ள இரண்டு நிலங்களில், ஒன்று அந்தப் பழைய சட்டப்படி பள்ளிக்கூடத்துக்கும், மற்றொன்று 1997க்குப் பின் நெடுஞ்சாலைக்கும் எடுக்கப்பட்டிருந்தால், முதலாமவன் நேரம் தவறினாலும் நீதிபதி முகத்தைப் பார்க்கலாம். இரண்டாமவன் நூற்றிருபத்தைந்தாம் நாள் வந்தால் குமாஸ்தா முகத்தோடு திரும்ப வேண்டியதுதான்.

நியாயத்தைச் சொல்ல வேண்டுமானால், இந்தக் கண்டிப்பு குடியானவனை மட்டும் கடிக்கும் நாயன்று. மேலே சொன்ன வழக்குகளில் நேரம் தவறித் தோற்றவர்கள் பெரும்பாலும் சர்க்காரும் சர்க்காரைச் சேர்ந்த ஸ்தாபனங்களுமே. ஒரு நல்ல மத்தியஸ்தர், நில உடையாளனுக்குத் தகுந்த விலையைத் தீர்ப்பாக எழுதிவிட்டால், நெடுஞ்சாலை ஆணையம் கோப்புகளை மேசை மேசையாக நகர்த்திவிட்டு ஐந்தாவது மாதம் வந்து அவனை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. அந்த மட்டில் கெடு அவனுக்குக் காவல். ஆனால், கலெக்டர் வருவாய் அலுவலரின் தொகையையே ஒப்புக்கொண்டு தீர்ப்பெழுதிவிட்ட இடத்தில், ஆட்சேபிக்க வேண்டியவன் எப்போதும் குடியானவன் ஒருவனே; அங்கே கெடுவின் முள் அவன் பக்கம் மட்டுமே திரும்பியிருக்கிறது.

அப்படி நடக்குமா என்று கேட்பவர்களுக்கு விடையாக, நம் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு வழக்கு டில்லி வரை போயிற்று. தேனிப் பக்கத்து 45ஈ, 220 ஆகிய எண்கள் கொண்ட தேசிய நெடுஞ்சாலைகளுக்காக எடுத்த நிலங்களுக்கு, தனி மாவட்ட வருவாய் அலுவலர் சதுர மீட்டருக்கு 46 ரூபாய் 55 காசிலிருந்து 83 ரூபாய் 15 காசு வரை விலை வைத்தார். மத்தியஸ்தராகிய கலெக்டரும் அதே தொகைகளை உறுதி செய்தார். உடையவர்கள் 34ஆம் பிரிவின்கீழ் ஜில்லா நீதிமன்றம் சென்றார்கள். நீதிபதி அத்தொகையைச் சதுர மீட்டருக்கு 645 ரூபாயாக உயர்த்தினார். சென்னை உயர் நீதிமன்றமும் அந்த அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டென்று சொன்னது. 2021 ஜூலை 20இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நரிமனும் கவாயும், சட்டத்தின்படி நீதிமன்றம் மத்தியஸ்தத் தீர்ப்பை ரத்துச் செய்யலாமே தவிரத் திருத்த முடியாது என்று தீர்த்தார்கள். ஆனால் அதே தீர்ப்பில், இதைப் போன்ற நிலத்துக்கு மற்றவர்கள் அதிக விலை பெற்றிருப்பதையும், சர்க்கார் நியமித்த மத்தியஸ்தர் கீழதிகாரியின் தொகைக்கு முத்திரை குத்தியிருப்பதையும் கண்டு, தங்களுடைய விசேஷ அதிகாரத்தை நெடுஞ்சாலை ஆணையத்துக்குச் சாதகமாகப் பிரயோகிக்க மறுத்துவிட்டார்கள். அந்த உடையவர்களுக்கு 645 ரூபாய் நிலைத்தது. அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் சட்டம் மட்டும் நிலைத்தது. சட்டம் ஒரு பக்கமும் நியாயம் ஒரு பக்கமும் நிற்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட தீர்ப்புகள் குறைவு.

இதனால் ஆன பலன் என்னவென்றால், நேரத்துக்குள் வந்தவனும் முழுதாகப் பிழைக்கவில்லை. தீர்ப்பு ரத்தானால், அவன் மறுபடியும் மத்தியஸ்தர் வாசலிலிருந்தே தொடங்க வேண்டும். பட்டா, சிட்டா, கிரயப் பத்திர நகல்கள், அக்கம்பக்கத்து விற்பனைகளின் விவரம் எல்லாவற்றையும் மறுபடி கட்டித் தூக்க வேண்டும். 2025 ஏப்ரல் 30இல், சென்னையில் தோன்றிய வேறொரு விதமான வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, நால்வருக்கு ஒருவர் என்ற பிரிவில், தீர்ப்பைச் சிற்சில வகைகளில் திருத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டென்று சொல்லிற்று: பிரிக்கத்தக்க பகுதியை நீக்கலாம், எழுத்துப் பிழையையும் கணக்குப் பிழையையும் சரிசெய்யலாம், தீர்ப்புக்குப் பிந்திய வட்டியைச் சில சந்தர்ப்பங்களில் மாற்றலாம். மாறுபட்டு எழுதியவர் நம் கொங்குநாட்டைச் சேர்ந்த நீதிபதி விசுவநாதன். விலையையே எடைபோட்டு உயர்த்தும் அதிகாரமோ அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பிலும் பிறக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் குடியானவனுக்கு வெற்றி கிட்டியது என்று சொல்லலாம். 1870 முதல் பொதுவான நில எடுப்புச் சட்டங்களின்கீழ் நிலம் இழந்தவர்கள் பெற்றுவந்த ஆறுதல் தொகையையும் வட்டியையும், 1997ஆம் ஆண்டுத் திருத்தம் நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு மட்டும் மறுத்திருந்தது. ரயிலுக்கு நிலம் போனால் உண்டு, சாலைக்குப் போனால் இல்லை என்ற இந்த விசித்திரத்தை, 2019 செப்டம்பர் 19இல் உச்ச நீதிமன்றம் சமத்துவத்துக்கு விரோதம் என்று தள்ளியது. 2013ஆம் ஆண்டுப் புதிய நில எடுப்புச் சட்டத்தின் நஷ்டஈட்டு விதிகளும் 2015 முதல் நெடுஞ்சாலைகளுக்குப் பொருந்தலாயின. தொகையைக் கணக்கிடும் முறை இவ்வாறு சீர்பட்டது. மத்தியஸ்தரும் கெடுவும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

கெடு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதில் நீதிமன்றங்கள் கொஞ்சம் இரக்கம் காட்டியிருப்பதையும் சொல்லிவிட வேண்டும். திருச்சிப் பெயர் தாங்கிய ஒரு கட்டுமான நிறுவனத்துக்கும் ரயில்வேக்கும் நடந்த வழக்கில், ஜெனரல் மானேஜர் ஆபீசில் தபால் வாங்கும் குமாஸ்தாவிடம் தீர்ப்பைக் கொடுத்தது ரயில்வே பெற்றுக்கொண்டதாகாது, அதைப் படித்து நடவடிக்கை எடுக்க வேண்டிய அதிகாரியின் கைக்கு வந்த நாளே கணக்கு என்று 2005இல் தீர்த்தார்கள். பெரிய ஸ்தாபனத்தின் உள்விவகாரங்களை நீதிமன்றம் எவ்வளவு பரிவோடு எண்ணிப் பார்த்திருக்கிறது! அதே பரிவின் நிழல் மற்றவர்கள்மீதும் விழுந்தது: மத்தியஸ்தர் கையொப்பமிட்ட பிரதியைக் கட்சிக்காரருக்குத் தானே கொடுத்த நாளிலிருந்துதான் மூன்று மாதம் தொடங்கும் என்று 2011இலும், வக்கீலிடம் கொடுத்தது கட்சிக்காரரிடம் கொடுத்ததாகாது என்று 2012இலும் தீர்ப்புகள் வந்தன. கலெக்டர் ஆபீசில் தீர்ப்பாகி மாதக்கணக்கில் பிரதி வராமல் கிடக்கும் குடியானவனுக்கு இவ்விரண்டு தீர்ப்புகளுமே உயிர்.

மத்தியஸ்தத்தின் தாய்வீடு என்று கருதப்படும் இங்கிலாந்தில், 1996ஆம் ஆண்டு அவர்கள் இயற்றிய சட்டத்தில் கெடு இருபத்தெட்டே நாள்; ஆனால் நியாயம் வேண்டுமானால் அதை நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. வியாபாரிகள் தேசத்தில் வியாபாரிகளுக்கே உள்ள தளர்வு, விவசாயிகள் தேசத்தில் விவசாயிகளுக்கு இல்லாமற் போனது ஏனென்று சட்டம் செய்தவர்களைத்தான் கேட்க வேண்டும். 2025 ஜனவரி 10இல் உச்ச நீதிமன்றமே ஏறக்குறைய அவ்வாறு கேட்டுவிட்டது. 2022 ஜூன் 4 முதல் ஜூலை 3 வரை நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. கூடுதல் முப்பது நாள் அந்த விடுமுறைக்குள்ளேயே தீர்ந்துபோயிற்று. திறந்த அன்று, ஜூலை 4இல், மனுப் போட்டவர்களை, முன்னைய தீர்ப்புகளின்படி வேறு வழியின்றித் திருப்பி அனுப்பிய நீதிபதிகள், இந்த விதி ஆட்சேபிக்கும் உரிமையையே குறுக்கிவிடுகிறதென்று வருந்தி, பாராளுமன்றம் கவனிக்க வேண்டும் என்று எழுதினார்கள். அது நெடுஞ்சாலை வழக்கன்று; ஆயினும் அந்த வருத்தம் மாத்தூர்ச் சாலையோரத்துப் புன்செய்க்காரனுக்கும் சேர்ந்ததே.

பாராளுமன்றம் கவனிக்கும் வரையில், ஆவூர்ப் பக்கத்திலும் அதைப் போன்ற சாலையோரங்களிலும் நிலம் கொடுத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மத்தியஸ்தத் தீர்ப்பின் பிரதி தபாலில் வந்தால், உறையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். அதன்மேல் அஞ்சல் முத்திரை இருக்கிறது. கைக்கு வந்த தேதியை அந்த உறையிலேயே எழுதி, வீட்டில் படித்த பிள்ளை யாரேனும் இருந்தால் அவர் கையொப்பத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேர் முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று இருக்காமல், அந்த மாதமே வக்கீலைப் பாருங்கள். கூடுதலாக இருக்கும் முப்பது நாளை இல்லையென்றே எண்ணிக்கொள்ளுங்கள்.